பச்சைப் பட்டையும் பழுப்புப் பட்டையும்

அத்தியாயம் பதினான்கு

சிமெண்டுக் கிடங்கின் தண்ணீர்க் குழாய்ச் சுவரில் அந்தப் படம் ஏறி ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமாகப் பெரியவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. இதுவரை நம்மோடு வந்தவர்களுக்குக் காரணம் தெரியும். வழியில் ஏறிக்கொண்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பெரியவனும் சின்னவனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரே கிடங்கில் மூட்டை ஏற்றுகிறார்கள், ஆளுக்கொரு செட்டு ஆட்களை வைத்துக்கொண்டு. பெரியவனின் மனைவிக்கு அதே கிடங்கின் ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை. எந்தச் செட்டு எத்தனை மூட்டை ஏற்றியது என்பதைப் பட்டை பட்டையாக வெட்டிச் சுவரில் ஒட்டியவளும் அவள்தான்.

பச்சைப் பட்டை கொழுந்தன் செட்டு. பழுப்புப் பட்டை புருஷன் செட்டு.

பச்சை மூன்று சாண் நின்றது. பழுப்பு ஒரு சாண்.

அவ்வளவுதான் சங்கதி. ஆனால் கட்டின பெண்டாட்டி கையாலேயே ஊர் பார்க்கக் குட்டையாக்கப்பட்டவனுக்கு அது அவ்வளவுதானா?

அன்று காலை மாடிப்படியில் தொடங்கியது. சின்னவன் குடும்பம் மாடியில், பெரியவன் குடும்பம் கீழே. சின்னவனின் மனைவி கையில் போனோடு இறங்கி வந்தாள்.

"மாமா, பாத்தீங்களா? நம்ம போர்டைப் போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கேன். எங்க அக்கா, சித்தி, எல்லாரும் பாத்துட்டாங்க. என் வீட்டுக்காரர் எம்புட்டு உசரம் பாருங்க!"

"பக்கத்துல நானும் இருக்கேனேம்மா."

"ஆமா மாமா, நீங்களும் இருக்கீங்க. கீழ."

அவள் கபடமாகச் சொல்லவில்லை. கபடமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பெரியவன் டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனான். மனைவி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். அவனுக்கு எதுக்குப் பச்சை?"

"எதுக்குன்னா? தூரத்திலேர்ந்து பளிச்சுன்னு தெரியும்."

"எனக்கு மட்டும் ஏன் சாணி நிறம்?"

"அது சாணி நிறம் இல்லீங்க, பழுப்பு. கடையில ரெண்டு கலர்தான் நல்லா இருந்துச்சு. ரெண்டும் வேற வேறயா தெரியணுமில்ல?"

"தெரிஞ்சுடுச்சு. ஊருக்கே தெரிஞ்சுடுச்சு. எதுக்கு அதைக் குழாய்கிட்டப் போய் ஒட்டினே? ஆபீசுக்குள்ள ஒட்டக் கூடாதா?"

"கை கழுவ எல்லாரும் அங்கதான் நிப்பீங்க. கண்ணு சும்மா நிக்கிற இடத்துலதான் போர்டு இருக்கணும். முன்னாடியெல்லாம் கதவுக்குப் பின்னாடி ஒரு தாள் தொங்கும். முழுக்க நம்பர். உங்கள்ல ஒருத்தராவது படிச்சீங்களா?"

"அந்தத் தாளு எவ்வளவோ தேவலை. யாரு வயித்துலயும் அடிக்கல."

அவள் சீப்பை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டான்.

தோள் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவனுடைய வலது தோள் போன மழைக்காலத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டது. மூட்டை ஏறும்போது உள்ளே எலும்பு நறநறவென்று அரைபடும். செட்டு ஆட்களுக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியாது. வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும், எண்ணெய் போட்டு நீவி விடுகிறவள் என்பதால்.

புதுக் கொட்டகைக்கு ஒரு மேஸ்திரி போடப்போகிறார்கள். மேஸ்திரி மூட்டை தொட வேண்டாம். நின்று வேலை வாங்கினால் போதும். பெரியவனுக்கு அது வெறும் பதவி இல்லை, தோளுக்குக் கிடைக்கும் விடுதலை.

கிடங்கில் எல்லாரும் கூடியதும் மேனேஜர் வெளியே வந்தார்.

"நாளைக்குக் காலையில மேலிடத்து ஐயா வர்றார். புது ஷெட்டுக்கு ஆள் போட்டுட்டுத்தான் போவார். இந்தப் போர்டைப் பாத்து முடிவு பண்றதா பேச்சு. எந்தச் செட்டு ஒசந்திருக்கோ அதோட ஆளுக்கு. ரெண்டும் சமமா இருந்தா மூத்தவருக்கு. அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

"சமமாவா?" என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "சார், அது மலைக்கும் மடுவுக்கும் இருக்கிற தூரமாச்சே!"

"பெரியண்ணன் மடுவுன்னு சொல்றியா?"

"நான் சொல்லலப்பா. அண்ணி சொல்றாங்க, சுவத்துல."

சிரிப்பு குழாயடி முழுக்கப் பரவியது. சின்னவனும் சிரித்தான். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும்டா, வேலையைப் பாருங்க" என்று அதட்டினான். அந்த அதட்டல்தான் பெரியவனுக்கு அதிகம் எரிந்தது. எனக்காக இவன் பரிந்து பேசுகிற நிலைமைக்கா வந்துவிட்டேன்?

பெரியவன் தன் செட்டை ஓரமாகக் கூப்பிட்டான்.

"இன்னிக்குக் குறுக்கு வரிசை வேண்டாம். எல்லாம் நீளவாக்குலயே போட்டு ஏத்துங்க."

லாரியில் மூட்டை அடுக்கும்போது ஒரு வரிசை நீளவாக்கில் வைத்தால் அடுத்த வரிசையைக் குறுக்கே வைப்பது முறை. ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு நிற்கும். குறுக்கே வைக்கத் திரும்ப வேண்டும், திரும்பினால் நேரம் போகும். பெரியவன் தன் ஆயுசில் ஒரு லாரியைக்கூடக் குறுக்கு வரிசை இல்லாமல் அனுப்பியவன் இல்லை.

செட்டில் மீசை என்று கூப்பிடப்படுகிறவன் முகத்தைச் சுளித்தான். "அண்ணே, நீங்களா இதைச் சொல்றீங்க? நான் வந்த புதுசுல ஒரு வரிசை மாத்தி வெச்சதுக்கு என்னைப் புரட்டி எடுத்தீங்களே."

"அப்பச் சொன்னது அப்ப. இப்பச் சொல்றது இப்ப. தூக்கு."

தூக்கினார்கள். காலை முழுக்கப் பிசாசு பிடித்த மாதிரி தூக்கினார்கள். பெரியவனுடைய கண் தன் லாரியில் இருந்ததைவிடப் பக்கத்து மேடையில் இருந்ததுதான் அதிகம். தம்பி குனிந்தால் இவனும் குனிந்தான். தம்பி தண்ணீர் குடித்தால் இவனுக்குள் ஒரு சந்தோஷம். தம்பியின் ஆள் ஒருவன் தும்மினால்கூட ஒரு மூட்டை லாபம் என்று மனசு கூட்டிக்கொண்டது. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள். காய்ச்சலில் கிடந்த தம்பிக்கு விடிய விடிய விசிறியவன். அந்தக் கை இப்போது எதை எண்ணுகிறது பாருங்கள்.

மதியத்துக்கு முன்னால் பெரியவன் செட்டு ஒரு லாரி முந்திவிட்டது.

"அண்ணே, கலக்குறீங்க!" என்று சின்னவன் அந்த மேடையிலிருந்து கத்தினான். "எங்க கஞ்சியையும் நீங்களே குடிச்சிட்டீங்களா?"

"உன் வேலையைப் பாருடா."

"அட, சிரிக்கக் கூடாதா?"

பெரியவன் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான். தோள் நெருப்பாக இருந்தது. ஆனால் மனசில் பழுப்புப் பட்டை ஒன்று சுவரில் சரசரவென்று வளர்ந்துகொண்டிருந்தது. பச்சையின் இடுப்பைத் தொட்டது. மார்பைத் தொட்டது.

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கேட்டது.

முதலில் சறுக்கல், அப்புறம் தொப்புத் தொப்பென்று ஏதோ விழுகிற ஓசை, பிறகு டிரைவரின் கூச்சல். வாசல் திருப்பத்தில் பெரியவன் செட்டு ஏற்றி அனுப்பிய லாரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பின்பக்க மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கிக்கொண்டு இறங்கியிருந்தன. பாதி கிழிந்து, வாசல் முழுக்கச் சிமெண்டுப் புகை. டிரைவர் இருமிக்கொண்டே கீழே குதித்தார்.

"யாருய்யா ஏத்தினது? ஆளு நின்னிருந்தா இந்நேரம் சமாதியே கட்டியிருக்கலாம், சிமெண்டுக்குப் பஞ்சமா!"

நல்ல காலம், யாரும் நிற்கவில்லை. பெரியவன் ஓடினான். ஓடிப் போய் நின்றான். கை வரவில்லை. அவன் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவனைத் தாண்டிக்கொண்டு தம்பி போனான். செட்டு முழுவதையும் கூட்டிக்கொண்டு, தன்னுடைய லாரியைப் பாதியில் விட்டுவிட்டு.

"ரெண்டு பேர் கிழிஞ்சதைத் தள்ளுங்க. நீ மேல ஏறு. டிரைவரண்ணே, கொஞ்சம் தண்ணி குடிங்க, உக்காருங்க. அண்ணே, நீ விடு. ஆனைக்கும் அடி சறுக்கும்."

எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினார்கள், இந்த முறை குறுக்கு வரிசை வைத்து. தம்பி லாரியின் மேல் நின்று ஒவ்வொரு வரிசையையும் காலால் தட்டிப் பார்த்தான். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்த அண்ணன் கீழே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேனேஜர் வந்து கத்தினார். "எந்தச் செட்டு?"

பெரியவன் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் மேலிருந்து சொல்லிவிட்டான்.

"ரெண்டு செட்டும் சேர்ந்து ஏத்தின லோடு சார். அவசரத்துல ஏத்திட்டோம். தப்பு ரெண்டு பேர் மேலயும் எழுதிக்குங்க."

டிரைவர் சின்னவனைப் பார்த்தார், பெரியவனைப் பார்த்தார், பிறகு திரும்பி நின்று பீடியைப் பற்றவைத்தார்.

மேனேஜர் போனதும் சின்னவன் குதித்து வந்து அண்ணனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "போண்ணே, போய் மூஞ்சியைக் கழுவு. சிலை மாதிரி ஆயிட்டே."

வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் நன்றி பொங்கியிருக்கும். பெரியவனுக்குப் பொங்கியது வேறு. மூட்டையில் முந்தினான், சரி, இளந்தோள். இப்போது நல்லவனாக இருப்பதிலும் முந்திக்கொண்டானே! எனக்கென்று எதைத்தான் விட்டுவைப்பான்?

முகம் கழுவக் குழாய்க்குப் போனால் எதிரே அந்தப் படம். அவன் கழுவவில்லை. சிமெண்டு பூசிய முகத்தோடு நேராக ஆபீசுக்குள் நுழைந்தான்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழுந்திருந்தது. மனைவி கத்தரிக்கோலும் அடிக்கோலுமாக உட்கார்ந்து அன்றைய கணக்குக்குப் புதுப் பட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அடி ஏதும் படலையே?"

"படம் வேண்டாம். பிச்சுப் போட்டுடு."

"என்ன?"

"உன் கையால என்னை ஒரு சாணாக்கி வெச்சியே, அதைப் பிச்சுப் போடு. அதைப் பாத்துப் பாத்துத்தான் இன்னிக்கு ஒரு உசுரு போக இருந்துச்சு. மூணுல ஒரு பங்கா நான்? அவன் மூணு மூட்டை தூக்கினா நான் ஒண்ணா தூக்குறேன்?"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மூணுல ஒரு பங்குன்னு யாரு சொன்னா?"

"கண்ணு இருக்கே!"

"பட்டைக்குப் பக்கத்துல நம்பர் எழுதியிருக்கேனே, அதைப் பாக்கலையா?"

"அவ்வளவு பொடிசா எழுதினா யாரு பாப்பா?"

"கீழ ஓரத்துல ரம்பப் பல்லு மாதிரி ஒரு கோடு போட்டிருக்கேனே?"

"அது பூ வேலைன்னு நெனச்சேன். தலகாணி உறைக்குப் போடுவியே, அந்த மாதிரி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாற்காலியை இழுத்து அவனை உட்கார வைத்தாள்.

"அது பூ வேலை இல்லீங்க. அங்க வெட்டியிருக்குன்னு அர்த்தம். போன மாசம் முதல்ல அடியிலேர்ந்துதான் வரைஞ்சேன். உங்க தம்பி செட்டு ஒரு நாளைக்கு ஐந்நூறு மூட்டை. உங்க செட்டு நானூத்தி எண்பது. வரைஞ்சா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உசரம். ஒருத்தரும் நின்னு பாக்கல. மேனேஜர் சொன்னார், 'வித்தியாசம் கண்ணுல குத்தணும், அப்பத்தான் வேகம் வரும்'னு. அதனால ரெண்டுலயும் கீழ நானூத்தி எழுபதை வெட்டி எடுத்துட்டேன். மிச்சம் அவருக்கு முப்பது, உங்களுக்குப் பத்து."

"அடிப்பாவி. என் காலையா வெட்டினே?"

"ரெண்டு பேரு காலையும்தான். ஒரே அளவு."

"அப்ப நான் மட்டும் ஏன் குட்டையானேன்?"

"மூக்களவு தண்ணியில ரெண்டு பேரும் நிக்கிறீங்கன்னு வெச்சுக்குங்க. அவரு உங்களைவிட நாலு விரல்கட்டை உசரம். கரையில இருக்கிறவங்களுக்கு அவரு கண்ணும் நெத்தியும் தெரியும். உங்களுக்கு உச்சி மயிரு மட்டும் தெரியும். பாக்கறவன் என்ன சொல்லுவான்? அவரு ஆளு, நீங்க தேங்கா."

அவள் நீளமான பச்சைத் தாளையும் பழுப்புத் தாளையும் எடுத்து, அடியிலிருந்து அளந்து வெட்டி, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவன் குனிந்து பார்த்தான். பச்சை கொஞ்சம் மேலே இருந்தது. விரல் வைத்தால் மறைந்துபோகிற அளவு.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா நான் ஒரு வாரமா செத்தேன்?"

"காலையிலேயே சொல்ல வந்தேன். எங்க நின்னு கேட்டீங்க?"

அவள் பசை டப்பாவை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு வர்றவரு புது ஆளு. நம்பரைப் படிப்பாரோ, உங்களை மாதிரி உசரத்தை மட்டும் பாப்பாரோ. முழுசா ஒட்டிடறேன்."

"எனக்காகவா?"

"கணக்குக்காக."

அவள் சொன்னதை அவன் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை. இந்த ஒரு வாரத்தில் முதல் முறையாக அவள் தன் பக்கம் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது.

அவள் குழாய்ச் சுவரில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சின்னவன் கை கழுவ வந்தான். குழாயைத் திறந்தான். நிமிர்ந்தான். தண்ணீர் கை மேல் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த முகத்தைப் பெரியவனுக்குத் தெரியும். ஒரு வாரமாகக் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

"அண்ணி, என்னோடதை யாரு குறைச்சது?"

"யாரும் குறைக்கல தம்பி. இத்தனை நாளு கீழ வெட்டியிருந்துச்சு. இப்ப அடியிலேர்ந்து வெச்சிருக்கேன். நம்பர் அதேதான், பாருங்க."

"இத்தனை நாளு வெட்டினது தப்புன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? நாளைக்கு ஐயா வரப்போற இன்னிக்கு?"

"இல்ல தம்பி..."

"சமமா இருந்தா மூத்தவருக்குன்னு சார் காலையில சொன்னாரு. நீங்களும் ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க." அவன் குழாயை மூடினான். "என் வண்டியை விட்டுட்டு வந்து உங்க புருஷன் லோடைத் தூக்கினேன் அண்ணி. அதை எந்தப் பட்டையில வெச்சீங்க?"

"டேய், அவ அதுக்காகச் செய்யல..." என்று பெரியவன் ஆரம்பித்தான்.

"நீ இரு. நான் அண்ணிகிட்டக் கேக்குறேன்." சின்னவனின் குரல் உயரவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணி. பழுப்பு நானா இருந்து, பச்சை அண்ணனா இருந்தா, இதை மாத்தியிருப்பீங்களா?"

எதைக் கேட்டாலும் கணக்கோடு பதில் சொல்கிறவள் அவள். வாயைத் திறந்தாள். கொழுந்தனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே இதுவரை கேட்டதில்லை என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. பெரியவனும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தான். வேண்டும் என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது.

பதில் வருவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே ஓடினார். "ஐயா, நாளைக்குன்னுல்ல சொன்னாங்க!"

"இந்தப் பக்கம் வந்தேன். முடிச்சுட்டுப் போயிடலாம்னு." வந்தவருக்கு நரைத்த தலை. பேச்சில் அவசரம். வாசலில் கிடந்த சிமெண்டு மேட்டைச் சுற்றிக்கொண்டு நேரே போர்டின் முன்னால் வந்து நின்றார். கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல என்னய்யா வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு."

மேனேஜர் போர்டைப் பார்த்துத் திகைத்து, கணக்குக்காரியைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது.

"சரி, நல்லதாப் போச்சு. ரெண்டு பேருல மூத்தவரு யாரு?"

பெரியவன் சுவரைப் பார்த்தான். நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். விரல் வைத்தால் மறைகிற அந்தப் பச்சைத் துண்டைக் காட்டிச் சொல்லவும் ஒரு வார்த்தை போதும். வலது தோள் உள்ளுக்குள் நறநறத்தது. இரண்டு வார்த்தையும் வாயில் இருந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை.

சின்னவன் ஈரக்கையைத் தூக்கி அண்ணனைக் காட்டினான்.

கைதான் காட்டியது. முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.